பல நிரல், ஒரே படம்: பரிமாணக் குறைப்புப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூற்றுக்கணக்கான நிரல்கள் கொண்ட தரவை இரண்டு அச்சுகளில் சுருக்கிப் புள்ளிப்படமாகக் காட்டும் கருவிகள், கல்லூரித் திட்டப்பணி முதல் மரபணு ஆய்வு வரை எங்கும் புழங்குகின்றன. பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும். வந்த படத்தை வாசிப்பதில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போகும் என்பதால் முதல் முறை வரிசையாகப் படிப்பது நல்லது.

1. உயர்பரிமாணத் தரவுன்னா என்னங்க? என்கிட்ட இருக்கறது வெறும் எக்செல் அட்டவணைதானே?

அதேதான். ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருள், ஒவ்வொரு நிரலும் அந்தப் பொருளைப் பற்றிய ஓர் அளவு. நிரல்கள் எத்தனையோ, அத்தனை பரிமாணம். பாடப்புத்தகங்களில் வரும் ஐரிஸ் தரவில் 150 பூக்கள், 4 அளவுகள். கையெழுத்து எண்களைக் கொண்ட எம்நிஸ்ட் தரவில் 70,000 படங்கள். ஒவ்வொன்றும் 28×28 புள்ளி (பிக்சல்) என்பதால் 784 நிரல்கள்.

இரண்டு நிரல் இருந்தால் வரைபடத்தாள் போதும். மூன்றென்றால் திரையில் சுழற்றிப் பார்க்கலாம். நான்காவது வந்ததும் கண்ணுக்கு வேலையில்லை. அங்கேதான் பரிமாணக் குறைப்பு தேவைப்படுகிறது.

2. 784 நிரலை 2 ஆக்கினா மீதி 782 எங்க போகுது? தூக்கிப் போட்டுடறாங்களா?

நிரல்களைத் தூக்கிப் போடுவதில்லை. முதன்மைக்கூறு பகுப்பாய்வில் (இனி பிசிஏ) ஒவ்வொரு புதிய அச்சும் 784 நிரல்களையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து செய்த கலவை. பம்பரத்தின் மேலிருந்து விளக்கடித்தால் நிழல் வட்டமாக விழும். பக்கவாட்டில் அடித்தால் ஆணியோடு கூடிய முழு வடிவம் விழும். நிழல் அதிகமாகப் பரவி விழும் திசையைத் தேடிப் பிடிப்பதுதான் பிசிஏ. 1901-இல் கார்ல் பியர்சன் எழுதிய பழைய முறை. இன்றும் முதல் இடம் அதற்குத்தான்.

டி-ஸ்னீ, யூமேப் என்ற வேறு இரண்டு பரிமாணக் குறைப்பு முறைகளும் நிழல் வகை இல்லை. இவை உருண்டையைத் தட்டையாக்கும் உலகப்பட வகை. பக்கத்து ஊர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக வேறெங்கோ இழுத்தும் கிழித்தும் சரிக்கட்டுகின்றன. மெர்கேட்டர் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. அந்தப் படத்தை வைத்து யாரும் நிலம் அளப்பதில்லை. டி-ஸ்னீ படத்தை வைத்து மட்டும் அளக்கிறார்கள்.

3. பிசிஏ, டி-ஸ்னீ, யூமேப்னு மூணு சொல்றாங்க. எதுல ஆரம்பிக்கணும்?

பிசிஏவில். நொடிகளில் முடியும், எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடை வரும், தவறான எண்கள் உடனே கண்ணில் படும். வயது நிரலில் யாரோ 999 என்று போட்டிருந்தால் அந்த வரிசை தனியே ஓரத்தில் போய் நிற்கும். தரவைக் கழுவும் வேலை பாதி இங்கேயே முடிந்துவிடும்.

அதன்பின் உள்ளே நுட்பமான குழுக்கள் இருக்கலாம் என்று தோன்றினால் மற்ற இரண்டுக்கும் போங்கள். டி-ஸ்னீயை 2008-இல் லாரன்ஸ் வான் டெர் மாட்டனும் ஜெஃப்ரி ஹின்டனும் வெளியிட்டார்கள். யூமேப் 2018-இல் வந்தது. சில ஆயிரம் வரிசைகளுக்கு இரண்டில் எதை எடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. வரிசைகள் பெருகும்போதும், புதிய புள்ளிகளைப் பின்னர் சேர்க்க வேண்டியிருக்கும்போதும் யூமேப் வசதி.

4. எனக்கு ப்ரோக்ராம் எழுதத் தெரியாது. சும்மா பார்க்க வழி இருக்கா?

இரண்டு கருவிகள் போதும். ஸ்லோவேனியாவின் லியுப்லியானா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆரஞ்சு இலவசம். கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். வெற்றுப் பலகையில் ‘ஃபைல்’ கட்டத்தை வைத்து, அதிலிருந்து ‘பிசிஏ’ கட்டத்துக்கும், அங்கிருந்து ‘ஸ்கேட்டர் பிளாட்’ கட்டத்துக்கும் கோடு இழுத்தால் படம் வந்துவிடும். படத்தில் சில புள்ளிகளை வளைத்துத் தேர்ந்து ‘டேட்டா டேபிள்’ கட்டத்தை இணைத்தால் அந்த வரிசைகள் மட்டும் அட்டவணையாக எதிரே நிற்கும். இந்தப் போய்வரும் வசதிக்காகவே அதைப் பரிந்துரைக்கிறோம்.

மற்றது, கூகுளின் டென்சர்ஃப்ளோ குழு 2016-இல் திறந்துவிட்ட எம்பெடிங் புரொஜெக்டர். உலாவியிலேயே ஓடும். 10,000 ஆங்கிலச் சொற்களின் 200 பரிமாண வெக்டர்கள் (சொல்லுக்கு 200 எண்கள் கொண்ட பட்டியல்), எம்நிஸ்ட் படங்கள், ஐரிஸ் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஒரு புள்ளியைத் தொட்டால் வலப்பக்கம் அதன் அண்டைப் புள்ளிகளின் பட்டியல் வரும். அந்தப் பட்டியல் படத்தில் அளந்து எடுத்தது இல்லை, மூல 200 பரிமாணத்தில் அளந்தது. அண்டைகள் என்று ஒளிரும் புள்ளிகள் படத்தில் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தால், அந்த இடத்தில் படம் பொய் சொல்கிறது. வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு சீக்கிரம் இதைக் காட்டாது.

5. புரொஜெக்டர்ல என் கோப்பை ஏத்தினா பிழைன்னே வருது.

இரண்டு கோப்புகள் வேண்டும். முதலாவது வெக்டர் கோப்பு: எண்கள் மட்டும், இடையில் டேப், தலைப்பு வரி கூடாது, வரிசை எண் நிரலும் கூடாது. காற்புள்ளியால் பிரித்த கோப்பை அப்படியே ஏற்றுவதும், 1,680 என்று எண்ணுக்குள் காற்புள்ளி விடுவதும் வழக்கமான தவறுகள்.

இரண்டாவது பெயர்க் கோப்பு. இதில் ஒரே நிரல் என்றால் தலைப்பு வரி இருக்கக் கூடாது; இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த விதியை மறந்தால் எல்லாப் பெயர்களும் ஒரு வரி நகர்ந்துவிடும். பிழைச்செய்தி வந்தால் பிழைத்தீர்கள். வராமல் போனால் படம் அழகாகவே இருக்கும், ஒவ்வொரு புள்ளியும் அடுத்த வீட்டுப் பெயரோடு நிற்கும். ஏற்றியதும் தெரிந்த நாலைந்து புள்ளிகளைத் தொட்டுச் சரிபாருங்கள்.

6. அளவையெல்லாம் சமப்படுத்தணும்னு சொல்றாங்களே, அவசியமா?

நிரல்களின் அலகு வேறுவேறாக இருந்தால் அவசியம். சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் தொகுப்பில் உள்ள ஒயின் தரவை எடுத்துக்கொள்ளுங்கள்: 178 ஒயின்கள், 13 அளவுகள். புரோலின் என்ற நிரல் 278 முதல் 1,680 வரை ஓடுகிறது. நிறச்சாயல் நிரலோ 0.48 முதல் 1.71 வரைதான். அப்படியே பிசிஏவுக்குக் கொடுத்தால் முதல் அச்சு மட்டும் மொத்த மாறுபாட்டில் (எண்கள் சிதறியிருக்கும் அளவில்) 99.8% பிடித்துவிடும். பார்ப்பவர் மகிழ்ந்துபோவார். உண்மையில் அது புரோலின் நிரலை மட்டும் வரைந்த படம். ஒவ்வொரு நிரலிலும் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுத்த பிறகு ஓட்டினால் முதல் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 55% அளவில்தான் வரும். ஆனால் மூன்று ஒயின் வகைகளும் பளிச்சென்று பிரியும். பெரிய எண் வந்தது கெட்ட படத்துக்கு என்பதைக் கவனியுங்கள்.

எல்லா நிரல்களும் ஒரே அலகு என்றால் இந்த வேலை வேண்டாம், சில சமயம் கெடுதலும்கூட. எம்நிஸ்ட் படங்களின் ஓரப் புள்ளிகள் பெரும்பாலும் 0. எங்கோ ஓரிரு படங்களில் மட்டும் மை பட்ட புள்ளியைத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் அந்தத் துக்கடா ஊதிப் பெருத்து, நடுவில் உள்ள எழுத்துக்குச் சமமாக உட்கார்ந்துவிடும்.

7. பிசிஏ படத்துல கிடை அச்சுக்கு என்ன பேர் வைக்கிறது? நேத்து வலப்பக்கம் இருந்த கூட்டம் இன்னிக்கு இடப்பக்கம் இருக்கே?

பெயரைக் கலவை விகிதத்திலிருந்து எடுக்க வேண்டும். மென்பொருள் ஒவ்வொரு அச்சுக்கும் நிரல்வாரியாக எடைகளைத் தரும். குறி நீக்கிப் பெரிய எடைகள் நான்கைந்தைப் பார்த்தால் அந்த அச்சு எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியும். எடைகள் எல்லா நிரல்களிலும் சமமாகப் பரவியிருந்தால் பெயர் வைக்க முயலாதீர்கள்.

இடம் வலம் மாறுவது பிழையல்ல. அச்சின் கூட்டல் கழித்தல் குறிக்குப் பொருளில்லை. வேறு கணினி, வேறு பதிப்பு என்றால் புரண்டு வரலாம். இரண்டு படங்களை ஒப்பிடும்முன் ஒன்றை -1 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

8. முதல் ரெண்டு அச்சும் சேர்ந்து 17 சதவீதம்தான் காட்டுது. படம் வீணா?

எம்நிஸ்டில் ஏறக்குறைய இதே எண்தான் வரும். படத்தில் 0-வும் 1-உம் விலகி நிற்கும். 4, 7, 9 ஒன்றின்மேல் ஒன்று குவிந்திருக்கும். குவிந்திருப்பதால் அவை ஒன்றுபோல என்று முடிவு கட்டக் கூடாது. பிரிக்கும் திசை மூன்றாவது, ஏழாவது அச்சில் இருக்கலாம். முதல் இரண்டோடு நிறுத்தாமல் 3-4, 5-6 என்று ஜோடி ஜோடியாகப் பாருங்கள். புரொஜெக்டரில் பத்து அச்சுகள் வரை தேர்ந்தெடுக்கலாம்.

குறைந்த எண் என்றால் குப்பை என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பியர் 1,387 பேரின் மரபணுத் தரவை வைத்து 2008-இல் நேச்சர் இதழில் வந்த பிசிஏ படம், ஐரோப்பிய நிலப்படத்தின் சாடையிலேயே இருந்தது. இத்தாலியர் தெற்கில், இபீரியத் தீபகற்பத்தினர் தென்மேற்கில். அந்த இரண்டு அச்சுகளும் பிடித்த மாறுபாடு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் தனித்தன்மை. விழுக்காடு எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அந்த அச்சு வெளியே தெரிந்த ஏதாவது ஒன்றோடு பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி.

9. பெர்ப்ளெக்சிட்டி எவ்வளவு வைக்கணும்? சரியான எண் எது?

ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ எத்தனை அண்டைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே பெர்ப்ளெக்சிட்டி. 5 முதல் 50 வரை என்பது வழக்கம். சைகிட்-லேர்னில் எதுவும் சொல்லாவிட்டால் 30. மொத்த வரிசைகளைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். 25 வரிசைகளுக்கு 30 கொடுத்தால் பிழை வரும். யூமேப்பில் இதே வேலையை அண்டை எண்ணிக்கை செய்கிறது. அங்கே இயல்பு 15.

ஒரே சரியான எண் கிடையாது. 5, 30, 100 என மூன்று படங்கள் போடுங்கள். மூன்றிலும் நிற்கும் குழுவை நம்பத் தொடங்கலாம். 5-இல் மட்டும் தோன்றும் சின்னச் சின்ன உதிரிக் கொத்துகளை விட்டுவிடுங்கள். முழுக்கத் தற்செயலான எண்களைக் கொடுத்தாலும் குறைந்த பெர்ப்ளெக்சிட்டியில் அப்படித்தான் வரும்.

யூமேப்பில் குறைந்தபட்சத் தொலைவு என்று இன்னொரு திருகு உண்டு, இயல்பு 0.1. இது புள்ளிகளை எவ்வளவு இறுக்கி அடுக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறது. 0.0 வைத்தால் கொத்துகள் கெட்டியாகிப் படம் ‘தெளிவாக’ இருக்கும். தரவு அதனால் தெளிவாகிவிடவில்லை.

10. ஒவ்வொரு தடவையும் படம் வேற மாதிரி வருது. நடுவுல நிறுத்தலாமா?

தொடக்க இடம் தற்செயலாக இருந்தால் அப்படித்தான். தற்செயல் விதை எண்ணை (தற்செயல் எண்கள் பிறக்கும் தொடக்க எண்) ஒரு நிலையான எண்ணாகக் கொடுத்தால் அதே கணினியில் அதே பதிப்பில் படம் மாறாது. யூமேப்பில் விதை கொடுத்தால் கணினிச் செயலியின் பல கருக்களில் (கோர்) ஒரே நேரத்தில் ஓடுவது நின்று வேகம் குறையும், அது இயல்பு. ஆனால் விதையைப் பூட்டுவதற்கு முன் நாலைந்து விதைகளில் ஓட்டிப் பாருங்கள். பிடித்த படம் வரும்வரை விதையை மாற்றுவது, பூ விழும்வரை காசைச் சுண்டுவது போல.

நிறுத்துவதைப் பற்றி: புரொஜெக்டரில் டி-ஸ்னீ தானாக நிற்காது. புள்ளிகள் கிள்ளிவைத்த நூல்போல மெலிந்திருந்தால் இன்னும் முடியவில்லை என்று பொருள். பொதுவாக 1,000 சுற்றுகள் ஓட விடுங்கள். கற்றல் வேகம் (ஒவ்வொரு சுற்றிலும் புள்ளிகள் நகரும் அளவு) அளவுக்கு மீறினால் எல்லாம் சமமாகப் பரவிய பந்தாகிவிடும். குறைந்தால் நடுவில் ஒரு கட்டியும் சுற்றிலும் ஒன்றிரண்டு உதிரிகளும் நிற்கும்.

11. ரெண்டு கொத்துக்கு நடுவுல நிறைய இடைவெளி இருந்தா அவை ரொம்ப வேறுபட்டதுன்னுதானே அர்த்தம்?

பிசிஏவில் ஓரளவு ஆம். டி-ஸ்னீயிலும் யூமேப்பிலும் இல்லை. காரணம் எளிய கணக்கு. ஒன்றுக்கொன்று ஒரே தொலைவில் இருக்கும்படி தாளில் மூன்று புள்ளிகள்தான் வைக்க முடியும், சமபக்க முக்கோணமாக. 10 பரிமாணத்தில் 11 புள்ளிகள் வைக்கலாம். அந்தப் பதினொன்றையும் தாளில் இறக்கினால் சில அருகிலும் சில தொலைவிலும் விழுந்தே தீரும். தொலைவுகளை முழுதாகக் காப்பாற்ற இடமே இல்லை என்பதால் டி-ஸ்னீ அருகில் இருப்பவற்றை மட்டும் காப்பாற்றி, மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது.

கொத்தின் பருமனும் இதே கதைதான். நெருக்கமான குழுவை விரித்தும் பரந்த குழுவைச் சுருக்கியும் வரைவதால், படத்தில் பெரிதாகத் தெரிவது உண்மையில் அதிகம் சிதறிய குழு என்று எடுக்க முடியாது. யார் யாருக்குப் பக்கத்தில் என்பதை வாசியுங்கள். எவ்வளவு தூரம் என்பதை மூல எண்களில் கணக்கிடுங்கள்.

12. யூமேப் மொத்த அமைப்பையும் காப்பாத்தும், டி-ஸ்னீ காப்பாத்தாதுன்னு படிச்சேனே?

அந்தப் பேச்சு பரவியதற்குப் பெரும்பங்கு தொடக்க இடத்துக்கு உண்டு. யூமேப் இயல்பாகவே தரவின் பொது வடிவத்தை ஒட்டிய இடங்களில் புள்ளிகளை வைத்துத் தொடங்கும்; டி-ஸ்னீ அப்போது தற்செயலாகத் தொடங்கியது. டிமித்ரி கோபக், ஜார்ஜ் லிண்டர்மன் இருவரும் 2021-இல் இரண்டுக்கும் ஒரேவகைத் தொடக்கம் கொடுத்துப் பார்த்தபோது அந்த மேன்மை மறைந்துவிட்டது. சைகிட்-லேர்னின் புதிய பதிப்புகளில் டி-ஸ்னீக்கு பிசிஏ தொடக்கமே இயல்பு. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அதை வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள். அப்படிச் செய்தாலும் 11-வது பதிலில் சொன்ன எச்சரிக்கை இரண்டுக்கும் பொருந்தும்.

13. அழகா அஞ்சு கொத்து தெரியுது. இது நிஜமா, மாயமா?

முதலில், குழுவோடு தொடர்பே இருக்கக் கூடாத விவரங்களால் நிறம் கொடுங்கள்: அளந்த தேதி, அளந்த கருவி, தகவல் பதிந்தவர், விடுபட்ட எண்களின் எண்ணிக்கை. ஐந்து கொத்தும் ஐந்து நாட்களாக இருப்பது மிகச் சாதாரணம். விடுபட்ட இடங்களில் சராசரியை நிரப்பிய வரிசைகள் தனிக் கொத்தாகச் சேர்வதும் அப்படியே.

அடுத்து ஒரு போலித் தரவு. ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாகக் குலுக்குங்கள். நிரல்களின் எண்கள் அப்படியே இருக்கும், அவற்றுக்கிடையே உள்ள உறவு மட்டும் அறுந்துபோகும். அதே அமைப்புகளோடு மறுபடி ஓட்டுங்கள். குலுக்கிய தரவிலும் அதே தோதில் கொத்துகள் வந்தால் நீங்கள் பார்த்தது முறையின் கைவேலை.

எண்ணாகக் கேட்பவர்களுக்குச் சைகிட்-லேர்னில் ‘டிரஸ்ட்வொர்தினெஸ்’ என்ற அளவு உண்டு. படத்தில் புதிதாக அண்டையானவர்கள் மூலத்திலும் அண்டைகளா என்பதை 0 முதல் 1 வரை சொல்லும். ஒரே தரவின் இரண்டு படங்களை ஒப்பிட அது உதவும். 0.95 வந்துவிட்டது, இனி கொத்துகள் உண்மை என்று அதிலிருந்து பெற முடியாது.

14. அப்ப டி-ஸ்னீ தந்த ரெண்டு நிரல்ல கே-மீன்ஸ் ஓட்டிக் குழு பிரிச்சுடலாமா?

வேண்டாம். தொலைவும் பருமனும் சிதைந்த இடத்தில், தொலைவை நம்பும் முறையை ஓட்டுவது அது. குழு பிரிப்பதை மூல நிரல்களிலோ, பிசிஏவின் முதல் 20-50 அச்சுகளிலோ செய்துவிட்டு, கிடைத்த குழு எண்ணைப் படத்தில் நிறமாகக் காட்டுங்கள். யூமேப் வழியாகத்தான் பிரிப்பேன் என்பவர்கள் 2 அச்சுக்குப் பதில் 10 அச்சுகளுக்குக் குறைத்து, அண்டை எண்ணிக்கையை 30-க்கு உயர்த்தி, குறைந்தபட்சத் தொலைவை 0.0 ஆக்கி, அடர்த்தியைப் பார்க்கும் ஹெச்டிபிஸ்கேன் போன்ற முறையை வைப்பார்கள். அதற்கும் 13-வது பதிலின் சோதனைகள் உண்டு.

15. புதுசா நூறு வரிசை வந்திருக்கு. பழைய படத்துலயே வைக்க முடியுமா?

பிசிஏவில் முடியும், பழைய சராசரி, பழைய திட்டவிலக்கம், பழைய எடைகளையே பயன்படுத்த வேண்டும். புதிய நூறுக்கும் தனியே சராசரி எடுத்தால் எல்லாம் நடுவில் போய் உட்காரும். யூமேப்பிலும் முடியும். சைகிட்-லேர்ன் டி-ஸ்னீயில் அந்த வசதி இல்லை. ஓபன்டிஸ்னீ என்ற பைத்தான் தொகுப்பில் உண்டு. பழைய தரவில் இல்லவே இல்லாத புதுவகைப் பொருள் வந்தாலும் யூமேப் அதை ஏதோ ஒரு பழைய கொத்தின் பக்கத்தில் வைத்துவிடும். ‘இது எனக்குத் தெரியாத ஆள்’ என்று படம் சொல்லாது.

16. ஆண்/பெண், மாவட்டம் மாதிரி எழுத்து நிரல் இருக்கு. 1, 2, 3-னு எண் போட்டுக் குடுத்தா போதுமா?

போதாது. அரியலூர் 1, விழுப்புரம் 38 என்று போட்டால் இரண்டுக்கும் 37 அலகு தூரம் என்றுதான் கருவி எடுத்துக்கொள்ளும். மாவட்டத்துக்கு ஒன்றாக 0/1 நிரல்கள் போடலாம். ஆனால் 38 நிரல்கள் சேர்ந்து மற்ற அளவுகளை அமுக்கிவிடும், படம் மாவட்டவாரியாகப் பிரிந்து நிற்கும். எண்ணும் எழுத்தும் கலந்த தரவுக்கு கோவர் தொலைவு நல்ல வழி. அந்தத் தொலைவு அட்டவணையை டி-ஸ்னீ, யூமேப் இரண்டும் ஏற்கும். பல சமயம் எளிய வழியே நல்லது: எழுத்து நிரலைக் கணக்கில் சேர்க்காமல் நிறத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

17. ஒரு லட்சம் வரிசை, ரெண்டாயிரம் நிரல். கணினி திணறுது.

முதலில் பிசிஏவால் 50 அச்சுகளுக்குக் குறைத்துவிட்டு அதை யூமேப்புக்குக் கொடுங்கள். சொற்களை எண்ணிய அட்டவணைபோலப் பெரும்பாலும் 0 நிரம்பிய தரவென்றால் பிசிஏவுக்குப் பதில் அதைப் போன்ற ‘டிரங்கேட்டட் எஸ்விடி’ என்ற முறை. அது 0-களை விரித்துச் சேமிக்காது, நினைவகம் தாங்கும். டி-ஸ்னீயில் ‘எக்ஸாக்ட்’ முறையைத் தொடவே வேண்டாம். வரிசை இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். புரொஜெக்டர் பெரிய தரவில் மாதிரி எடுத்துத்தான் வரைகிறது, டி-ஸ்னீக்கு 10,000 புள்ளிகள், யூமேப்புக்கு 5,000. அரிய வகை ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால் அது அந்த மாதிரியில் விழாமலே போகலாம்.

18. தமிழ்ச் சொல் வெக்டரைப் படமாப் போட்டா பேருக்குப் பதில் கட்டம் கட்டமா வருது.

படம் வரையும் பைத்தான் தொகுப்பான மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் காட்டினால் கட்டங்கள் போகும். ஆனால் பல பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கெ’ சிதைந்து வரும். உலாவியில் வரையும் பிளாட்லிக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை, சுட்டியை வைத்தால் சொல் தெரியும் வசதியும் கூடவே வரும். எக்செலிலிருந்து சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ வகையைத் தேருங்கள், இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறி.

இதைவிட மறைவான சிக்கல் ஒன்று. ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒரே சொல் படத்தில் இரண்டு இடத்தில் நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உரையை என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டுத் தொடங்கினால் தீரும்.

19. அறிக்கையில இந்தப் படத்தைப் போடலாமா? கீழ என்ன எழுதணும்?

போடலாம். முறையின் பெயர், பதிப்பு, பெர்ப்ளெக்சிட்டி அல்லது அண்டை எண்ணிக்கை, குறைந்தபட்சத் தொலைவு, விதை எண், தொடக்க முறை, நிரல்களைச் சமப்படுத்திய விதம், எத்தனை வரிசைகள் விடப்பட்டன என்பதை எழுதுங்கள். நிறம் எதைக் குறிக்கிறது, அது கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்பதும் வேண்டும்.

படத்தை மனிதர்களைப் பற்றிப் போடும்போது கூடுதல் கவனம் தேவை. 2024 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்த அமெரிக்க ‘ஆல் ஆஃப் அஸ்’ திட்டக் கட்டுரையில், ஏறக்குறைய 2,45,000 பேரின் மரபணுத் தரவை யூமேப்பில் வரைந்து, அவரவர் சொன்ன இனப்பெயரால் நிறம் கொடுத்திருந்தார்கள். மரபியலாளர்கள் பலர் கண்டித்தார்கள். மனித மரபணு வேறுபாடு படிப்படியாகக் கலந்து ஓடுவது; யூமேப்பின் இடைவெளிகள் அதைத் தனித்தனித் தீவுகளாகக் காட்டிவிட்டன. கணக்கில் பிழையில்லை. 11-வது பதிலில் சொன்ன அதே இடைவெளிதான் அங்கே இனப் பிரிவாக வாசிக்கப்பட்டது.

அச்சு விஷயத்தில் சின்ன வழக்கம் ஒன்று. பிசிஏ படமென்றால் இரண்டு அச்சுக்கும் விழுக்காட்டைப் போட்டு, ஓர் அலகின் நீளம் இரண்டிலும் சமமாக வருமாறு வரையுங்கள். சதுரத்தில் திணித்தால் இரண்டாவது அச்சு பெருத்துத் தெரியும். டி-ஸ்னீ, யூமேப் படங்களில் அச்சு எண்களை முழுதாகவே எடுத்துவிடுங்கள்.